பாஸ்டில் அல்ல தொடக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரியில் நவீன ஐரோப்பிய வரலாறு படிப்போர், பிரெஞ்சுப் புரட்சி என்றதும் 1789 ஜூலை 14-க்குத் தாவிவிடுகிறார்கள். அன்று மக்கள் தாக்கிய பாரிஸ் சிறைக்கோட்டையான பாஸ்டிலில் இருந்த கைதிகள் ஏழே பேர். கூட்டம் தேடிப் போனது வெடிமருந்தை! முடிச்சு விழுந்தது மே 5-இல், வெர்சாயில் எஸ்டேட்ஸ் ஜெனரல், அதாவது மூன்று சமூகப் பிரிவுகளின் பிரதிநிதிகள் மன்றம், கூடியபோது. 1614-க்குப் பிறகு அதுதான் முதல் கூட்டம். பொதுமக்களின் பிரதிநிதிகளான மூன்றாம் பிரிவினர் ஏறக்குறைய 600 பேர். குருமாரும் பிரபுக்களும் தலா சுமார் 300 பேர். பிரிவுக்கு ஒரு வாக்கு என்றால் அந்த 600 பேரும் 2-க்கு 1 எனத் தோற்பார்கள்; தலைக்கு ஒன்று என்றால் கதையே வேறு. இது புரியாவிட்டால் ஜூன் 20-இல், அரசியலமைப்பு உருவாகும்வரை கலைய மாட்டோம் என்று மூன்றாம் பிரிவினர் எடுத்த டென்னிஸ் மைதான உறுதிமொழி வெறும் தேதிதான். தேர்வு விடையில் முதலில் மன்னரை இந்த மன்றத்தைக் கூட்ட வைத்த அரசின் கடன், அடுத்து வாக்குமுறை, பிறகே பாஸ்டில் வரவேண்டும். வினாத்தாள் தயாரிப்போரும் தேதியை விட்டுவிட்டு இந்த வாக்குக் கணக்கைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறை ஆசிரியர்கள்