அம்பாசிடருக்கு வேறு இருக்கை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் மார்க் 4 அம்பாசிடரை விற்பதில்லை என்று முடிவெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலையில் 2014இல் உற்பத்தி நின்றுவிட்ட பிறகு, ஓடுகிற வண்டிகளைக் காப்பாற்றுவது உன்னையும் என்னையும் போன்றவர்களின் பொறுப்பாகிவிட்டது. முதுகுவலியோடு அந்த நீள இருக்கையில் மதுரை வரை ஓட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். முன்பக்கம் இரண்டு தனி இருக்கைகள் போடுவது நியாயமான யோசனைதான். 1990களில் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலுக்குக் கம்பெனியே அப்படித்தான் கொடுத்தது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அந்த ஜோடி கிடைத்தால் வேறெதையும் பார்க்காதே.

ஆனால் இருக்கை வாங்கும் முன் தரையைப் பார். அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடே உடலைத் தாங்குகிறது. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் பாய்க்கு அடியில் தேங்கி, மேலே பெயின்ட் கலையாமலே உள்ளுக்குள் அரித்துவிடும். என் வண்டியில் பாயைத் தூக்கியபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. மெக்கானிக் ஸ்குரூ டிரைவரால் அழுத்தியதும் முனை அப்படியே மறுபக்கம் போய்விட்டது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே இருக்கையைப் பற்றிப் பேசினோம்.

வேறு கார் இருக்கை என்றால், அது முன்பின் நகரும் தண்டவாளத்தின் துளைகள் நம் தரையோடு பொருந்தாது. தண்டவாளத்தை நேராகத் தரையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதே. குறுக்கே கெட்டியான ஆங்கிள் பட்டை அமைத்து, 8.8 தர (உறுதி மிகுந்த) போல்ட் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரையின் அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைக்கச் சொல். அது இல்லாவிட்டால் மோதலின்போது போல்ட் மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துளை போடுமுன் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் அடியில் எங்கே ஓடுகின்றன என்று பார்த்தாக வேண்டும்.

போல்ட்டை இறுக்கும் முன் நீயே உட்கார்ந்து, கிளட்ச் முழுதாக மிதிபடுகிறதா, ஸ்டீயரிங் தொடையில் இடிக்கிறதா என்று பார். தண்டவாளத்தின் இரு பக்கப் பூட்டும் சேர்ந்து விழ வேண்டும். பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள இருக்கை வேண்டவே வேண்டாம். சீட் பெல்ட் உன் வண்டிக்குக் கிடையாது. இந்த வேலையோடு அதையும் உறுதியான பிடிமானத்தில் போட்டுவிடு. பதிவுச் சான்றிதழில் எழுதிய இருக்கை எண்ணிக்கை மாறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வரும் என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

கழற்றிய பழைய இருக்கையைக் குஷன் கடைக்காரர் விலைக்குக் கேட்பார், கொடுத்துவிடாதே. அந்த ஸ்பிரிங் சட்டம் இனிக் கிடைக்காது. பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தரையின் நிலையை எழுது, துளைகளின் இடைவெளி அளவையும் அனுப்பு. பட்டைகளை இங்கேயே என் மெக்கானிக்கிடம் செய்து வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்