கண்டியில் பாற்சோறு ஊட்டிய அம்மாவுக்கு

சித்திரைப் புத்தாண்டன்று கண்டியில் கடைகள் அடைத்துக் கிடந்தன. பசியில் அழும் மகளோடு பேருந்துக்காக நின்றிருந்தேன். அருகில் இருந்த நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் பிரித்து வைத்தீர்கள்.

சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிய பாற்சோறு, தேங்காய்ப்பாலில் குழைந்து, கையில் எடுத்தாலும் உடையாத பதம். ஹோட்டல் விருந்துகளில் இந்தப் பதம் வருவதே இல்லை. பக்கத்தில் மிளகாயும் வெங்காயமும் உப்பும் அரைத்த லுணுமிரிஸ். காரம் பட்ட ஓரத்தைக் கிள்ளி நீங்கள் உண்டுவிட்டு, மிச்சத்தில் கித்துள் பனையின் கருப்பட்டியை உதிர்த்து அவளுக்கு ஊட்டினீர்கள். பிறகு மொறுமொறுப்பான கொக்கிஸ், அதன்பின் கொண்டை வைத்த எண்ணெய்ப் பலகாரமான கொண்டைக் கவும். கொதிக்கும் எண்ணெயில் மாவின் நடுவே குச்சியைச் செருகிச் சுழற்றினால்தான் அந்தக் கொண்டை எழும் என்று கையசைத்தே விளக்கினீர்கள். அரிசி மாவும் இனிப்புப் பாணியும் மணந்த அந்தப் பலகாரத்தை என் கையிலும் திணித்தீர்கள்.

உங்கள் வீட்டாருக்கென்று கட்டிய பொட்டலமாகத்தான் இருந்திருக்கும். குருநாகல் பேருந்து வந்ததும் அதை எங்களிடமே விட்டுவிட்டு ஏறிவிட்டீர்கள். பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை.

அம்மா, உங்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால், சிங்களத்தில் உங்களுக்குச் சொல்லட்டும்: என் பிள்ளையின் பசியாற்றினீர்கள். மனமார்ந்த நன்றி.