பரணில் இருக்கும் டவுன்பைப்

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகு நாம் நான்கு முறை போனில் பேசிவிட்டோம். நான்கு முறையும் உன் காரில் நீ செய்த மாற்றங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தவுடன், "மீட்டிங் இருக்கிறது அப்பா" என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கார் அருமையாக ஓடுகிறது. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நீ ஊருக்குத் திரும்பும்போது தருமபுரி வரை உன்னோடு வந்தேன் அல்லவா, தொப்பூர் மேட்டில் லாரிகள் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்க, உன் கார் முதுகில் யாரோ தள்ளியது போல் ஏறியது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது பயத்தினால் என்று நினைத்திருப்பாய். பாதி பயம், பாதி சந்தோஷம்.

ஆனால் அன்று விடியற்காலை நீ ஸ்டார்ட் செய்த சத்தத்தில் எதிர்வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. சொல்லிவிட்டேன். சத்தத்தைவிட எனக்கு உறுத்தியது வாடை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி சூடேறியதும் பெட்ரோல் வாடை அடங்கிவிட வேண்டும். உன் கார் தெருமுனை திரும்பும் வரை அடங்கவில்லை. "பெங்களூர் ஃபிளாட்டில் இடமில்லை, பழைய சாமான்" என்று கடைப் பரணில் ஒரு சாக்கு மூட்டையைப் போட்டுவிட்டுப் போனாயே, அடுத்த வாரம் அதைப் பிரித்தேன். உள்ளே கம்பெனி டவுன்பைப், அதுதான் டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய், வயிற்றில் கன்வெர்ட்டரோடு முழுசாக இருந்தது. சைலன்சர் மட்டும்தான் மாற்றினேன் என்றாய் நீ.

எனக்கு டர்போ தெரியாது என்று நினைத்துவிடாதே. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்க டர்போவில் ஒரு சக்கரம் உண்டு; எஞ்சின் துப்பும் சூடான புகைதான் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தைத் தாண்டி வெளியேறும் வழியை அகலமாக்கினால் பின்னழுத்தம் குறையும், சக்கரம் சீக்கிரம் வேகமெடுக்கும். அதோடு எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றி எழுதி, டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தையும் பெட்ரோலையும் கூட்டினால், நீ தொப்பூரில் காட்டிய வித்தை வந்துவிடும். சூத்திரம் சரிதான். ஆனால் உன் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐக்குக் கம்பெனி கொடுத்த முறுக்குவிசையே 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும், தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் கொண்டது. அது தாங்கும் என்று செய்தவர்கள் சொன்ன அளவும் அதே 250தான். மென்பொருளை மாற்றி எழுதிய உன் டியூனர் கொடுத்த தாளில் 320 என்று இருந்ததே, மீதி எழுபதைச் சுமப்பது யார்? பாரம் ஏற்றுகிறவனிடம் கேட்காதே, அச்சிடம் கேள் என்பார் உன் தாத்தா. அவர் மாட்டு வண்டியைச் சொன்னார்.

கியர்பாக்ஸ் போனால் போகட்டும், அது பணம். நான் எழுத வந்தது வேறு. இந்த மாதக் கடைசியில் உன் கார் இன்சூரன்ஸ் பாலிசி முடிகிறது. புதுப்பிக்கும்போது, பழைய விவரங்களில் மாற்றம் இல்லை என்று போனில் ஒரு டிக் போடுவாய். அந்த டிக்கைப் பற்றித்தான் இவ்வளவும்.

கண்ணு, நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. நம் கடை டெஸ்ட் பெஞ்சில் டீசல் பம்பை ஓட்டி, கண்ணாடிக் குழாய்களில் அளவு பார்த்துச் சரிசெய்து, கடைசியில் அந்த அளவில் யாரும் கை வைக்காதபடி கம்பி கோத்து ஈய சீலை நசுக்குவதை நீ சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறாய். அதே லாரிக்காரர்கள் சாயங்காலம் வந்து, "மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் டீசல் கூட்டிக் கொடுங்கள் அண்ணா" என்பார்கள். காலையில் போட்ட சீலை நானே வெட்டுவேன். திருகாணியை அரைச் சுற்று முடுக்கினால் போதும். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி பறக்கும். உன் பள்ளிக் கட்டணத்தில் பாதி அந்த அரைச் சுற்றில்தான் வந்தது.

நீ நான்காம் வகுப்பு படித்தபோது, அப்படி நான் கூட்டிக்கொடுத்த லாரி ஒன்று கர்நூல் பக்கம் எரிந்துபோனது. டிரைவர் குதித்துத் தப்பினார். சூடான எக்ஸாஸ்டில் எண்ணெய் ஒழுகியதா, ஒயர் உரசியதா, யாருக்கும் தெரியாது. இன்சூரன்ஸ் சர்வேயர் போட்டோக்களோடு நம் கடைக்கு வந்தார். "பம்பில் சீல் இல்லையே, வெட்டியது யார்?" என்று கேட்டார். வழியில் யாராவது வெட்டியிருப்பார்கள் என்றேன். இரண்டு வருடம் இழுத்து, கேட்டதில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். பைனான்ஸ் பாக்கிக்காக அந்த மனிதர் தன் இன்னொரு லாரியை விற்றார். இன்றைக்கும் டீக்கடையில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். அதுதான் எனக்குத் தாங்க முடிவதில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உன் காரில் ஈய சீல் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்பாய். உன் காரின் சீல் கணினிக்குள் இருக்கிறது. ஈசியூவில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை தங்கிவிடும் என்று நம் கடைப் பையனே சொல்கிறான். பெரிய விபத்து என்றால் சர்வேயர் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார். நீ மாட்டிய மூன்று அங்குலப் பளபளப்புக் குழாயைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டாம்.

வெள்ளத்தில் கார் மூழ்கினால் எக்ஸாஸ்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். நுகர்வோர் ஆணையத்தில் அப்படி வாதாடலாம். ஆனால் வேகத்தில் மோதிய காருக்கு அந்த வாதம் எடுபடாது. உன் காரின் சேதம்கூடப் பரவாயில்லை, எனக்குத் தூக்கம் கெடுவது அடுத்தவரை நினைத்து. மூன்றாம் நபருக்கு உயிர்ச்சேதம் என்றால் நஷ்டஈட்டைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி நிபந்தனையை மீறியது நிரூபணமானால், "முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவு வருவதுண்டு. அந்த உரிமையாளர் நீ. கேட்டால் சொல்ல வேண்டிய முக்கிய விவரத்தை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதிடவும் சட்டத்தில் அவர்களுக்கு இடமிருக்கிறது.

சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் வரையறுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். டவுன்பைப், சைலன்சர், மென்பொருள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீயும் போட்டுக்கொள்.

கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண கார் பாலிசியில் சேராது. அங்கே ஓட்டுவதை நான் தடுக்கவில்லை, தொப்பூரைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே அடிபட்டால் முழுச் செலவும் உன்னுடையது என்று தெரிந்தே ஓட்டு.

இப்போது என்ன செய்வது என்றால், இரண்டே வழிதான் எனக்குத் தெரிகிறது. புதுப்பிக்கும் முன் என்னென்ன மாற்றினாய் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதி, பில்லையும் வைத்து, எழுத்தில் பதில் வாங்கு. பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள். ஒத்துக்கொண்டாலும் 52ஆம் பிரிவு அப்படியேதான் நிற்கும். இல்லையென்றால் பழையபடி மாற்றிவிடு. டியூனரிடம் காரோடு வந்த பழைய மென்பொருளின் நகல் இருக்கும், இருக்கிறதா என்று நாளைக்கே கேள். கொடுத்த ஒன்றே கால் லட்சம் போனதுதான். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், அம்மாவுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

டவுன்பைப்பைத் துடைத்து, வாய்களில் துணி அடைத்து, வேறு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் சென்சாரின் மரை நன்றாகவே இருக்கிறது. கேஸ்கெட்டும் புதிய நட்டுகளும் மட்டும் இங்கே கிடைக்காது, பெங்களூரிலேயே வாங்கிக்கொண்டு வா. சனிக்கிழமை வந்தால் கடைப் பள்ளம் காலியாக இருக்கும். மதியத்துக்குள் முடித்துவிடலாம். கிளம்பும்போது போன் செய், கறி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா