வடக்குச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் வீடு பார்க்கிறேன் என்று சொன்னாய், இப்படிப் பழைய கல் வீடும் களஞ்சியமும் சேர்ந்து அமையும் என்று நான் நினைக்கவே இல்லை. வடக்குச் சுவரின் இடுக்குகளில் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மட்டும் சம்மதிக்காதே, கண்ணா.

அந்த ஊர்ச் சுவர்கள் இப்படித்தான்: வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். அங்கங்கே ஒரு நீளக்கல் குறுக்கே ஓடி இரண்டையும் பிடித்திருக்கும். மழை பெய்தால் கொஞ்சம் ஈரம் உள்ளே போகத்தான் செய்யும். சுண்ணாம்புச் சாந்து வழியாகவே அது வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் அந்தக் கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரமெல்லாம் கல் வழியாக வர வேண்டியிருக்கும். குளிரில் அது உறைந்து விரிந்தால் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாந்து போனால் மறுபடி வைக்கலாம், கல் போனால் போனதுதான். மூன்றாவது படத்தில் புகைக்கூண்டுக்குக் கீழே பார். சாம்பல் நிறக் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, இருபுறமும் கல் குழிந்துவிட்டது. யாரோ முன்பே சிமென்ட் வைத்த இடம் அது.

கூரையைப் பார்த்து அசந்துபோனேன். இறவாணத்தில் பெரிய கல் ஓடு, மேலே போகப் போகச் சிறிது, முகட்டில் கையகலம். கனமானது சுவர் தாங்கும் இடத்தில் இருக்கும், தண்ணீர் அதிகம் ஓடும் கீழ்ப்பகுதியில் இணைப்புகளும் குறையும். ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமத்துப் பக்கம் அந்தக் காலத்தில் இந்தக் கல்லை வெட்டியெடுத்து, ஈரம் காயாமல் வைத்திருந்து, உறைபனியில் போடுவார்கள். உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து கல்லை ஏடு ஏடாகப் பிளந்துவிடும். சுவரைக் கெடுக்கும் அதே பனியிடம் ஓடு பிளக்கும் வேலை வாங்கியிருக்கிறார்கள்!

அப்புறம் களஞ்சியம். எதிரெதிரே இரண்டு பெரிய கதவு இருக்கிறதே, நடுவில் கதிரடித்து, இரண்டையும் திறந்து வைத்து, ஊடே வரும் காற்றில் தூற்றுவதற்கு. சுவரில் உள்ள ஒடுக்கமான துளைகள் தானியம் புழுங்காமல் இருக்க. உள்ளே மாடி போட்டு நாலு அறை எடுக்கலாம் என்கிறாயே, எனக்கு மனசு ஒப்பவில்லை. நாம் சேர்ந்து போன கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தை நினைத்துப் பார். 1290-களில் பியூலி மடத்துத் துறவிகள் கட்டியது. 152 அடி நீளம், 48 அடி உயரம். ஈரம் ஏறாமலிருக்க ஓக் தூண்களை ஆளுயரக் கல் பீடங்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் அதைப் பேராலயத்துக்கு இணையாகச் சொன்னார். 1871 முதல் கெல்ம்ஸ்காட் கிராமத்தில் இதே மாதிரிக் கல் பண்ணைவீட்டில் வாடகைக்கு இருந்தவர். பழுது பார்க்கிறேன் என்று பழைய கட்டடங்களைப் புதுசாக்கிவிடுகிறார்களே என்று 1877-ல் ஒரு பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார். உங்கள் களஞ்சியம் அவ்வளவு பெரிதில்லை, சரி. ஆனால் அதற்கும் அழகு அந்த வெற்றிடம்தான். அறை வேண்டுமானால் ஒரு ஓரமாக எடு, நடுக்களத்திலிருந்து கூரை மரம் வரை கண் தடையில்லாமல் போகட்டும். எது செய்தாலும் கவுன்சிலில் முதலில் கேள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்கள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம்.

நான் பொதுப்பணித்துறையில் இருந்த காலமெல்லாம் சிமென்ட்டில்தான் கட்டினேன். அதன் மேல் எனக்கு விரோதம் கிடையாது, புதுக் கட்டடத்துக்கு நல்ல பொருள். இந்தச் சுவருக்குத்தான் ஆகாது.

சுண்ணாம்பு வேலையைக் குளிரில் தொடங்காதே, இறுகுவதற்குள் உறைந்தால் பொடிந்துவிடும். ஏப்ரல் கழியட்டும், சுண்ணாம்பில் கை பழகிய கொத்தனாரைத் தேடிப் பிடி. அதுவரை கூரைத் தண்ணீர்க் குழாய்களில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள். வடக்குச் சுவரடியில் மண் மேடாக ஏறியிருக்கிறது, அதை உள்தரையைவிடக் கீழே வரும்படி வெட்டிவிடு. ஆனால் அஸ்திவாரம் வெளியே தெரியும்படி ஆழமாகத் தோண்டிவிடாதே. மண்ணை இறக்கினாலே ஈரம் பாதி குறையும்.

அன்புடன்,
அம்மா