பேவரின் ஹைட்ராலிக் அழுத்தத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள்

சாலைப் பணி ஒப்பந்ததாரர்களுக்கும் பணித்தளப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

விஜி-30 வகைத் தாரில் செய்த கலவை விரிக்கப்படும்போது 140 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பதற்காக, லாரிக்கு லாரி வெப்பநிலையை அளந்து எழுதி வைக்கிறோம். அதே கலவையை விரிக்கிற பேவரின் ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பெரும்பாலான தளங்களில் யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்கும் பதிவேட்டில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

காலையில் ஒழுங்காகச் சுற்றிய ஆகர் (கலவையை இருபுறமும் பரப்பும் திருகுத் தண்டு) நண்பகலில் தளர்ந்தால், ஸ்பேனரை எடுத்து ரிலீஃப் வால்வின் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குவது நம் தளங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த வால்வு அழுத்தம் எல்லை மீறாமல் காப்பதற்காக இருக்கிறது. வேகத்தைத் தருவதோ பம்பிலிருந்து வரும் ஆயிலின் அளவு. சூடேறி நீர்த்த ஆயில் தேய்ந்த பம்புக்குள்ளேயே கசிந்து திரும்பும்போதும், சக்‌ஷன் ஃபில்டர் அடைத்துக்கொண்டு பம்புக்குப் போதிய ஆயில் வராதபோதும், திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஆகர் வேகம் பிடிக்காது. ஹோஸ்தான் வெடிக்கும். வெடித்துச் சிந்தும் ஆயில் புதிதாக விரித்த தாரை இளக்கிவிடுவதால், அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மீண்டும் போட வேண்டியதாகிறது. ஆகவே ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகு, அழுத்தத்தை அளப்பதற்கான டெஸ்ட் போர்ட்டில் கேஜை மாட்டி, தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட்ட பின்னரே திருகைத் தொட வேண்டும்.

கலவையைச் சமன்படுத்தும் தட்டான ஸ்கிரீடைத் தூக்கும் சிலிண்டர்கள், விரிப்பின்போது ஃப்ளோட் நிலையில், அதாவது ஸ்கிரீடின் எடையைத் தாங்காமல் தளர்வாக, இருக்க வேண்டும். அந்நிலைக்கான வால்வு சிக்கிக்கொண்டால் ஸ்கிரீடின் எடையில் ஒரு பகுதியைச் சிலிண்டரே தாங்கிக்கொள்வதால், விரிப்பின் கனம் ஒரே சீராக அமைவதில்லை. ஆபரேட்டரோ தன் அளவு தவறிவிட்டதாக எண்ணிக் கனத் திருகை மாற்றி மாற்றிச் சுழற்றுகிறார். ஒரு மாற்றம் முழுமையாக வெளிப்பட, பேவர் ஏறத்தாழ ஐந்து டோ ஆர்ம் (ஸ்கிரீடை இழுத்துச் செல்லும் கை) நீளம் நகர வேண்டும். அதற்குள் மறுபடி திருகினால் சாலையில் அலை விழாமல் என்ன செய்யும்?

மட்டத்துக்காகக் கட்டிய நூல் நேராக இருந்தும், டோ ஆர்மின் முனையை ஏற்றி இறக்கும் டோ பாயிண்ட் சிலிண்டரின் தண்டு விடாமல் மேலும் கீழும் துடிக்கிறதென்றால், நூலை வைத்து மட்டம் பிடிக்கும் கிரேடு கன்ட்ரோலின் உணர்திறன் கூடிப்போயிருக்கலாம். துடிப்பு நிற்குமளவுக்கு அதைக் குறைத்துப் பாருங்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ஆபத்தான காயம் அது. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். தூக்கிய ஸ்கிரீடுக்கு அடியில் போகும் முன் லாக் பின் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் மேற்பார்வையாளரின் பொறுப்பாகட்டும்.

ஒவ்வொரு நாளும் முதல் லாரி வருவதற்கு முன் கேஜ் அளவு, ஆயிலின் சூடு, ஃப்ளோட் சோதனை ஆகிய மூன்றையும் எழுதி, ஆபரேட்டரும் மெக்கானிக்கும் கையொப்பமிடும் முறையை அடுத்த பணியிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவு பொருந்தாத நாளில் கலவை தயாரிக்கும் பிளான்டுக்குச் சொல்லி லாரிகளை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தையும் அந்த மெக்கானிக்குக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
பேவர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒருவன்