"காந்தலா?" என்று இழுத்தவர்களுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது, காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

உனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் ஊட்டியில் எந்தப் பக்கம் என்று கேட்டு, நம் ஏரியா பெயரைச் சொன்னதும் "காந்தலா?" என்று இழுத்ததாகச் சொன்னாய். ஊட்டிக்காரர்களே இழுப்பார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் இழுத்தால் என்ன? "சீக்கிரம் ஃபெர்ன்ஹில் பக்கம் வீடு பார்க்கிறோம்" என்று நீ சமாளித்தாயே, அதுதான் பிடிக்கவில்லை. நாங்கள் எங்கும் வீடு பார்க்கவில்லை.

என் அப்பா, உன் தாத்தா, இலங்கையிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீக்கு வந்து சேர்ந்தவர். சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள், மூட்டை கட்டியது நாங்கள். கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்தபோது என்னைச் 'சிலோன்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி 'மைசூர்க்காரி', அதற்கடுத்தவள் 'மலையாளத்தம்மா'. தோடர், கோத்தர், படகர் மாதிரி மலைக்கு உரியவர்களா நாங்கள்? வெள்ளைக்காரக் கலெக்டர் சலிவன் துரை 1822-ல் இங்கே கல் பங்களா கட்ட ஆரம்பித்ததிலிருந்து கல் சுமக்க, குதிரை பார்க்க, தெருப் பெருக்க என்று கீழேயிருந்து ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கேரட் சீசனில் ராத்திரி ஒரு மணிக்குப் பிக்கப் வந்து ஹாரன் அடிக்கும். நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டுமானால் இருட்டிலேயே பிடுங்கி, கழுவி, மூட்டை பிடிக்க வேண்டும். உன் அப்பா டாக்ஸி ஓட்டப் போயிருப்பார். தூங்குகிற உன்னைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போய், எதிர்வீட்டுப் பாயம்மா கட்டிலில் அவள் மகனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடுவேன். எனக்காகவே தாழ்ப்பாள் போடாமல் படுத்திருப்பாள். காசு கொடுத்தால் அடிக்க வருவாள், உடைந்த கேரட்டை மட்டும் வாங்கிக்கொள்வாள். அதே பாயம்மாவோடு குழாயடியில் ஒரு குடத்துக்கு நான் போட்ட சண்டையும் தெருவுக்கே தெரியும். மூன்று மாதம் பேசவில்லை. அப்போதும் தாழ்ப்பாள் விழவில்லை.

சிலுவை வைத்துக் கும்பிடும் குருசடியையும் பள்ளிவாசலையும் காசி விஸ்வநாதர் கோவிலையும் ஒரே ஏரியாவில் பார்த்துவிட்டு, "என்ன ஒற்றுமை!" என்று போட்டோ எடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய பேச்செல்லாம் வேண்டாம், தம்பி. இடம் குறைச்சல், கூலி குறைச்சல், குளிர் மட்டும் தாராளம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சமாளிக்கும் வசதி இங்கே யாருக்கு இருக்கிறது? சாதி பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். சாக்கடை நாறும், சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டுக் கத்துவார்கள். எதையும் மறைக்காமல் பெண் வீட்டில் சொல்லிவிடு.

அவர்களை இங்கேயே வரச் சொல், ஓட்டலில் வைத்துப் பார்க்க வேண்டாம். மே மாதம் மட்டும் வேண்டாம், சீசன் கூட்டத்தில் சேரிங்கிராஸைத் தாண்டவே பாதி நாள் போய்விடும். காரில் வந்தால் இ-பாஸ் எடுக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சைவமா அசைவமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுச் சொல். பாயம்மா தினம் கேட்கிறாள்.

அம்மா