மாப்பிள்ளையின் பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன்

அன்புள்ள வித்யா,

நீங்கள் சென்னைக்கு வரும்போது பார்க்க வேண்டிய இடங்கள் என்று மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஒரு வாரத்துக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறார், பாவம். ஆசை புரிகிறது. நாக்பூரில் பிறந்து வளர்கிற பிள்ளைகள், கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் பங்குனி மாதம் ஒரு மணி வெயிலில் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவதெல்லாம் நடக்காத காரியம். நாக்பூர் வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள் என்பாய். அங்கே காய்கிற வெயில், இங்கே வேகிற வெயில். அது வேறு, இது வேறு.

போனில் சொன்னால் நடுவில் உன் குக்கர் விசில் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. பழியை என் மேல் போட்டுக்கொள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். ஒன்று, விடிந்ததும் போய் ஒன்பதரைக்குள் கிளம்பிவிட வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நடுவில் வீடு, மின்விசிறி, தயிர்சாதம், தூக்கம். ஆதிக்கு ஒன்பது வயது, எங்கே கூட்டிப்போனாலும் ஒரு பூச்சியைப் பார்த்து அரை மணி நேரம் நின்றுவிடுவான். குட்டிக்கு நாலு வயது, எங்கேயும் நிற்க மாட்டாள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து மேய்க்க நேரம் வேண்டாமா?

வந்து இறங்கிய மறுநாள் எங்கேயும் வண்டி வைக்க வேண்டாம். நம் திருவான்மியூர் கடற்கரைக்கே நடந்து போகலாம், ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் மணலெல்லாம் நண்டு வளையாக இருக்கும். ஆள் அசையாமல் உட்கார்ந்தால் நண்டு வெளியே வந்து மண்ணை வாரி வீசிவிட்டு உள்ளே ஓடும். ஆதி அதிலேயே ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிடுவான். அப்புறம் மெதுவாக வடக்கே குப்பத்துப் பக்கம் நடந்தால் படகுகள் கரையேறுவதைப் பார்க்கலாம். இப்போது கட்டுமரம் அரிது, ஃபைபர் படகுதான். வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறவர்கள் கை ஓடுகிற வேகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நெத்திலி கிடைத்தால் அங்கேயே வாங்கிவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடலில் தடை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் போட்டது. அதற்குள் நீங்கள் வந்துவிட்டால் மீன் விலை கொஞ்சம் கைக்கு அடக்கமாக இருக்கும்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு கண்டிப்பு. உங்கள் ஊர் ஏரி மாதிரி நினைத்து மாப்பிள்ளை பிள்ளைகளை இடுப்பளவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. நம் கரை சட்டென்று ஆழமாகும். வந்த அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போகும், பெரியவர்களுக்கே நிற்க முடியாது. நீச்சல் தெரியும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. கணுக்கால் வரை போதும், ஒரு கை நம் கையில். சொன்னால் ஆதி கேட்பான், ஏன் என்றும் கேட்பான். அவனை எலியட்ஸ் கடற்கரையில் இருக்கிற அந்த வெள்ளை வளைவுக்குக் கூட்டிப்போ. கார்ல் ஷ்மிட் என்று ஒரு டென்மார்க்காரர், 1930இல் இங்கே மூழ்கப் போனவர்களைக் காப்பாற்றக் கடலில் குதித்து, தானே போய்விட்டார். காப்பாற்றப் போன பெரிய மனிதரையே இந்தக் கடல் இழுத்துக்கொண்டது என்று சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும். இப்போது அதனடியில் உட்கார்ந்து எல்லோரும் மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள். அது வேறு கதை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் பட்டியலில் இது இல்லவே இல்லை. நீங்கள் வருகிற சமயம் ஆமைக்குஞ்சு விடுகிற சமயம்.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்வார்களே, அதுதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேலேகூட இட்டுவிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். அந்த முட்டைகளை அப்படியே விட்டால் நாயும் நரியும் தோண்டிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் கடல் பக்கம் போகாது. ராத்திரியில் கடல் மேல் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துப் போகிற உயிர் அது. நம் தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் அதைவிடப் பளிச்சென்று இருப்பதால் ரோட்டுப் பக்கம் ஊர்ந்து வந்துவிடும். அதனால் 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து ஒரு குழுவாக நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து, பெசன்ட் நகரில் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு வந்துவிடும்.

சீசனில் வார இறுதியில் பொதுஜனமும் சேர்ந்து நடக்கலாம். நீலாங்கரையில் கிளம்பிப் பெசன்ட் நகர் வரை, ராத்திரி முழுக்க. அது பிள்ளைகளுக்கு ஆகாது. ஆதி பன்னிரண்டு பதின்மூன்று வயதானதும் அவனை நானே அனுப்பி வைக்கிறேன். இப்போதைக்குச் சாயங்காலம் குஞ்சு விடுவதைப் பார்த்தால் போதும். சூரியன் இறங்கிய பிறகு கூடையில் கொண்டு வந்து மணலில் விடுவார்கள். உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். போனில் ஃபிளாஷ் போடக் கூடாது, டார்ச் கூடாது, கையால் தூக்கி உதவி செய்யவும் கூடாது. குட்டி அழுதால் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடு. அலை வந்து குஞ்சைத் திருப்பிக் கரையில் போட்டுவிடும். அது மறுபடி எழுந்து நடக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தினமும் குஞ்சு வராது. போனால் இன்றைக்கு ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்வார்கள். அப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் போக வேண்டும். இதற்காகத்தான் மற்ற சாயங்காலங்களைக் காலியாக வை என்கிறேன். டிக்கெட் வாங்கி வைத்த இடம் என்றால் இப்படிக் காத்திருக்க மனசு வராது.

2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்பா நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆமைக்கு நுரையீரல்தானே, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் வர முடியாது, மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆதியிடம் இதையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். குட்டியிடம் வேண்டாம்.

அடுத்து வடநெம்மேலி முதலைப் பண்ணை. நீ சின்னவளாக இருந்தபோது பார்த்ததுதான், இப்போது ஆதிக்காகப் போகலாம். ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் தொடங்கியது. முதலை என்றால் பாய்ந்து வரும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்து வருவார்கள். அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படிச் செய்கிறது. பொம்மையா உயிருள்ளதா என்று பந்தயம் கட்டிக்கொண்டு நிற்கச் சொல். ஒன்று கண்ணைச் சிமிட்டினால் போதும், பண்ணையே அதிரக் கத்துவார்கள்.

அங்கேயே உள்ளே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷம் எடுப்பதைக் காட்டுவார்கள், அதைத் தவற விடக் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் மண்பானையில் இருக்கும். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். அது சட்டப்படி நின்று போனதும் 1978இல் இந்தச் சங்கம் ஆரம்பித்து விஷம் எடுக்கத் தொடங்கினார்கள். சில வாரம் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தித்தான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். உங்கள் ஊரில் வயலில் யாரையாவது பாம்பு கடித்து ஊசி போட்டால், அதில் இவர்கள் எடுத்த விஷத்துக்கும் பங்கு இருக்கலாம். 2023இல் இரண்டு இருளர்களுக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மாப்பிள்ளைக்கு இந்த விஷயம் பிடிக்கும்.

திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு லீவு, செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு லீவு. பட்டியலில் சரியாக இரண்டையும் மாற்றிப் போட்டு வைத்திருக்கிறார்.

தட்சிணசித்ரா உனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பாதிதான் பிடிக்கும். செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். குட்டிக்குத் திண்ணையில் ஏறி இறங்கவும் மண்ணில் கை வைக்கவும் விட்டால் போதும், குயவர் சக்கரம் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் என் விதியைத் தளர்த்தி மூன்று மணிக்குப் போய், ஐந்து மணிக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் படகு ஏறலாம். 1984இலிருந்து நடக்கிற படகுத்துறை. மிதிபடகு வேண்டாம், மிதிக்கப் போவது அப்பாதான், அவர் முட்டி தாங்காது. மோட்டார் படகு எடுத்துக்கொள்ளலாம்.

கோவளத்தைச் சேர்க்கலாம். 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. சான்று கிடக்கட்டும், சுத்தமான கழிப்பறையும் குளிக்கக் குழாயும் இருக்கின்றன. நாலு வயதுப் பிள்ளையோடு போகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும். அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற மீனவப் பையன்கள் அங்கே உண்டு. ஆதி கேட்டால் உன் இஷ்டம்.

மாமல்லபுரத்துக்கு ஒரு விடியற்காலை. ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் நிறுத்தி, ஒரு பூனை தவம் செய்கிறது கண்டுபிடி என்று மட்டும் ஆதியிடம் சொல்லு. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு முனிவர் மாதிரி நிற்கும், சுற்றி எலிகள். அது கிடைத்ததும் மூக்கைப் பின்னங்காலால் சொறிகிற மானைத் தேடச் சொல்லு. குட்டிக்கு யானை வயிற்றுக்கடியில் நிற்கிற குட்டியானைகள் போதும். எட்டரைக்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிட்டுத் திரும்பலாம்.

அடித்தது எதையெல்லாம் என்று கேட்பாய். கேளிக்கைப் பூங்காக்கள் இரண்டையும் அடித்துவிட்டேன். போன விடுமுறையில் மாடிவீட்டுக்காரர்கள் ஒன்றுக்குப் போனார்கள். முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு, உள்ளே போனால் சின்னப் பிள்ளைக்கு உயரம் போதாது என்று பாதி ராட்டினத்தில் ஏற்றவே இல்லை. பெசன்ட் நகர் மணலில் கையால் சுற்றுகிற ராட்டினத்துக்கு உயரம் பார்க்கிறவர் யாருமில்லை. ஷாப்பிங் மாலையும் அடித்துவிட்டேன். அது நாக்பூரில் இல்லாததா?

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை மட்டும் அடிக்க மனசில்லாமல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய கலைஞர் கூட்டமும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உண்டாக்கிய ஊர். நேரம் இருந்து, நீயும் நானும் மட்டும் போவதாக இருந்தால் போகலாம். பிள்ளைகளை அப்பாவிடம் விட்டுவிடலாம். மருந்தீஸ்வரர் கோயிலில் பங்குனித் திருவிழா அந்தச் சமயம் அமைந்தால், சாமி புறப்பாடு பார்க்க ஒரு ராத்திரி போய் வருவோம். குட்டியின் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்குப் பழைய செருப்பு எடுத்து வா, உப்புத் தண்ணீரில் நல்லது கெட்டுவிடும். தொப்பி இரண்டு. துண்டு, வாளி, மண் அள்ளும் கரண்டி எல்லாம் இங்கே இருக்கிறது, வாங்காதே. கடலில் போட்டு வந்த துணியை வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மூன்று பேருக்கும் இப்போதே சொல்லி வை. மூன்றாவது யார் என்று உனக்குத் தெரியும்.

ரயில் டிக்கெட் உறுதியானதும் எந்தக் கிழமை வந்து சேருகிறீர்கள் என்று எழுது, லீவு நாளைப் பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். அப்பா சென்ட்ரலுக்கே வந்து அழைத்துக்கொண்டு வருவேன் என்கிறார். வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுகிறோம் என்று நீயே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா